கொல்லா நாட்கள் மூன்று
(திருவிழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரர் பிறந்த திருநாளன்று தமிழ்நாட்டில் இறைச்சிக் கடைகள் மூடப்படுகின்றன. அரசு ஆணை பிறப்பிக்கிறது. உள்ளாட்சி அலுவலர்கள் அதனை நடைமுறைப்படுத்துகின்றனர். அன்று ஒரு நாளேனும் பல உயிர்கள் கத்திக்குத் தப்புகின்றன என்பதில் சமண இல்லங்களுக்கு மகிழ்ச்சி உண்டு. ஆயினும் அம்மகிழ்ச்சியின் அடியில் ஒரு கேள்வியும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாளைக்குக் கடை இல்லை என்று அறிந்தவன் முதல் நாள் மாலையே வாங்கி வைத்துக்கொள்வானாயின், அந்நாள் யாருக்காக அனுசரிக்கப்பட்டது? ஆணையால் நிற்கும் கொலைக்கும் மனத்தால் நிற்கும் கொலைக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு?

இக்கேள்விக்கு வெளிச்சம் தரும் விழா ஒன்று, எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் நடைபெறுகிறது. அவ்விடம் மீன்பிடித்தே வாழ்ந்த ஒரு தீவு. அங்கு வணங்கப்படுவது ஊர் காக்கும் சீனத் தெய்வம். ஆண்டுக்கு ஒரு முறை, அத்தெய்வத்தின் பெயரால், தீவு முழுவதும் மூன்று நாட்கள் ஊன் நீக்கி வாழ்கிறது. ஹாங்காங் தீவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சியுங் சாவ் என்பதே அத்தீவு.

விழாவைக் காணுமுன் சீனரின் ஊர்க்காவல் தெய்வங்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். தமிழ்ச் சமணர் தம் ஜினாலயங்களில் க்ஷேத்திரபாலரும் பிரம்மதேவரும் எந்த இடத்தில் நிற்கின்றனர் என்பதை அறிவர். அவர்கள் வீடுபேறு அளிப்பவர் அல்லர். இடத்தையும் அறத்தையும் காப்பவர். சீனரின் காவல் தெய்வமும் ஏறக்குறைய அத்தகையதே. ஆனால் அங்கு அது ஒரு பதவி. வயலோரத்துச் சிறு மாடத்தில் வீற்றிருக்கும் தூதி கோங் என்னும் நிலத்தெய்வம் ஒரு சிற்றூரை மட்டும் காப்பவர். கணக்குப்பிள்ளை அளவுக்கு அதிகாரம் உடையவர். மதில் சூழ்ந்த நகருக்கு செங்ஹுவாங் என்னும் தெய்வம் உண்டு. அப்பெயரின் பொருளே மதிலும் அகழியும் என்பதுதான். மிங் அரச மரபை நிறுவிய ஹாங்வு பேரரசர் 1369-இல் இத்தெய்வங்களுக்கு மாநிலம், மாவட்டம் என்ற ஆட்சிப் படிநிலைக்கு ஏற்பப் பட்டங்கள் அளித்தார். மறு ஆண்டே அப்பட்டங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். புதிதாகப் பொறுப்பேற்கும் மாவட்ட அதிகாரி இத்தெய்வத்தின் முன் நின்று நேர்மையாக ஆள்வேன் என்று உறுதிமொழி கூறுவது வழக்கம். மழை பொய்த்தால் தெய்வத்தின் உருவத்தை வெளியே எடுத்து வந்து வெயிலில் வைத்து, மக்கள் படும் துன்பத்தை அதுவும் அறியட்டும் என்று விடுவதும் உண்டு. அதிகாரி கடமை தவறினால் தண்டனை. தெய்வம் தவறினாலும் அதுவே!

இத்தெய்வத்தின் பிறந்தநாளில் கோயிலைச் சுற்றிக் கூடும் கூட்டமே மியாவ் ஹுய் எனப்படும் கோயில் சந்தை. தெய்வத்தைப் பல்லக்கில் ஏற்றித் தன் எல்லை முழுதும் சுற்றிக் காட்டுவர். அது அதிகாரியின் மேற்பார்வைப் பயணத்தை ஒத்தது. கோயில் வாயிலை நோக்கி நாடக மேடை அமைப்பர்; ஏனெனில் முதல் பார்வையாளர் தெய்வமே. மக்கள் அதன் பக்கத்திலும் பின்னாலும் நின்று பார்த்துக்கொள்ளலாம். கடைகள், கழைக்கூத்து, சிங்க நடனம், இனிப்பு வகைகள் ஆகியவை எல்லா நாட்டுத் திருவிழாக்களுக்கும் பொதுவானவை, விரித்துரைக்க வேண்டுவதில்லை. 20-ஆம் நூற்றாண்டில் சீனப் பெருநிலத்தில் கோயில்கள் பள்ளிக்கூடங்களாக மாற்றப்பட்டும், பண்பாட்டுப் புரட்சியின்போது இடிக்கப்பட்டும் இவ்விழாக்களில் பல நின்றுபோயின. 1980-களுக்குப் பின்னரே மீளத் தொடங்கின. ஹாங்காங்கிலும் தைவானிலும் அவை தொடர்ந்து நடந்து வந்தன.

ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். இத்தெய்வங்களுக்கு மக்கள் வழக்கமாகப் படைப்பது ஊனே. பன்றி, கோழி, மீன் என்னும் மூன்றும் சேர்ந்ததே முறையான படையல் எனக் கருதப்படுகிறது. ஆனால் அங்கேயே ஒரு நுட்பமும் இருக்கிறது. தைவானிலும் புஜியான் பகுதியிலும் ஆண்டின் முதல் மாதம் ஒன்பதாம் நாளில் விண்ணுலகப் பேரரசருக்கு வழிபாடு செய்வோர் இரண்டு மேசைகள் அமைப்பர். மேல் மேசை பேரரசருக்கு உரியது. அதில் காய், கனி, மாவுப் பண்டங்கள் மட்டுமே இருக்கும். கீழ் மேசை அவருடைய பரிவாரத்துக்கு உரியது, அதில்தான் இறைச்சி. தெய்வம் உயர உயர உணவு தூயதாகிறது என்பது அம்மேசைகளின் பொருள். ஊன் உண்பவர்களே ஊன் தாழ்ந்தது என்று தம் வழிபாட்டு முறையில் ஒப்புக்கொண்டிருக்கின்றனர்! நூறு அறவுரைகளைவிட அந்த இரண்டு மேசைகள் கூறுவது மிகுதி.

இனி சியுங் சாவ் தீவுக்கு வருவோம். நடு இடுப்பு குறுகி இரு தலையும் பருத்த சிறு தீவு அது. தனியார் கார்கள் அங்கு ஓடுவதில்லை. மக்கள் நடந்தோ மிதிவண்டியிலோ செல்கின்றனர். அத்தீவின் காவல் தெய்வம் பாக் டாய். வடதிசைக்கும் நீருக்கும் உரியவர். 1777-இல் தீவில் கொள்ளைநோய் பரவியபோது, ஹுய்சோ பகுதியிலிருந்து வந்து குடியேறியோர் தம் சொந்த ஊரிலிருந்து இத்தெய்வத்தின் திருவுருவைக் கொண்டுவந்தனர் என்றும், அதன்பின் நோய் தணிந்தது என்றும் கோயில் மரபு கூறுகிறது. 1783-இல் கோயில் எழுந்தது. விழாவின் தோற்றத்துக்குப் பல கதைகள் உண்டு. கொள்ளைநோயில் மாண்டவர், கடற்கொள்ளையரால் கொல்லப்பட்டவர் ஆகியோரின் ஆவிகளை அமைதிப்படுத்தவே இது தொடங்கியது என்பது அக்கதைகளின் பொதுக் கருத்து.

பாக் டாய் திருவுருவத்தின் காலடியில் ஓர் ஆமையும் ஒரு பாம்பும் இருக்கும். அவை ஏன் அங்கு வந்தன என்பதற்குத் தாவோ சமய நூல்கள் ஒரு விடையும், தென்கிழக்குச் சீனத்திலும் தைவானிலும் வாழும் எளிய மக்கள் வேறொரு விடையும் தருகின்றனர். நூல்களின்படி இவர் ஓர் அரசகுமாரர். நாட்டைத் துறந்து வூதாங் மலையில் 42 ஆண்டுகள் தவம் இயற்றியவர். அரண்மனை துறந்த இளவரசரின் வரலாறு இவ்வவையினர்க்குப் புதிதன்று. எளிய மக்களின் கதையோ வேறு. அதில் இவர் பன்றி அறுத்து விற்ற கசாப்புக்காரர். வாழ்நாளெல்லாம் கொன்ற பாவம் ஒருநாள் நெஞ்சைச் சுட்டது. கத்தியை எறிந்தார். உள்ளே படிந்த அழுக்கைப் போக்க எண்ணித் தம் வயிற்றைத் தாமே கிழித்து, இரைப்பையையும் குடலையும் ஆற்று நீரில் கழுவினார். அவர் தெய்வமானார். ஆற்றில் போன இரைப்பை ஆமையாயிற்று, குடல் பாம்பாயிற்று. அவை இரண்டும் உயிர்களைத் துன்புறுத்தத் தொடங்கவே, அவரே திரும்பி வந்து அவற்றை அடக்கிக் காலடியில் வைத்துக்கொண்டார்.

தன் உடலைத் தானே அழித்தலைச் சமணம் ஏற்காது. ஆனால் அக்கதையின் பின்பகுதியைச் சமணர் ஒருவர் கேட்டால் சற்று நிமிர்ந்து உட்காருவார். செய்த கொலை, மனம் மாறிய அன்றே மறைந்துவிடவில்லை. அது உருவெடுத்து வெளியே உலவுகிறது. தெய்வமான பின்னும் அதன்மேல் கால் ஊன்றி நிற்க வேண்டியிருக்கிறது. வினை என்ற சொல்லை அறியாத மக்கள் வினையைச் சிற்பமாகச் செய்து வைத்திருக்கின்றனர்.

சீனரின் நான்காம் மாதத்தில் இத்தீவில் நடக்கும் விழாவுக்கு, பேரமைதிக்கான தூய வேள்வி என்று பொருள்படும் பெயர் உண்டு. வேள்வி எனினும் தீயில் உயிர்ப்பலி இடும் வேள்வி அன்று. ஜியாவ் எனப்படும் தாவோ சமயச் சடங்கு. விழாவின் தலைவரை மக்கள் தேர்தல் முறையில் தேர்ந்தெடுப்பதில்லை. பாக் டாய் திருமுன் பிறைவடிவ மரக்கட்டைகளை எறிந்து, அவை விழும் முறை கொண்டு தெய்வத்தின் விருப்பத்தை அறிகின்றனர். முற்காலத்தில் விழா நாளும் அவ்வாறே குறிக்கப்பட்டது. இப்போது முதன்மை நாள், புத்தர் பிறந்த நாளாகச் சீனர் கொண்டாடும் எட்டாம் நாளோடு பொருந்துமாறு நிலைப்படுத்தப்பட்டுள்ளது.

கோயில் முன் திடலில் மூங்கில் பந்தலிட்டு மூன்று பெரிய காகித உருவங்களை நிறுத்துவர். ஒன்று மலைத்தெய்வம், ஒன்று நிலத்தெய்வம், மூன்றாவது, அச்சமூட்டும் முகத்தோடு நிற்கும் ஆவிகளின் அரசர். அவர் கையில் ஏடும் எழுதுகோலும் இருக்கும். வந்து சேரும் ஆவிகள் ஒன்றையொன்று தள்ளி உண்ணாதபடி பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. வழித்தோன்றல் இன்றி இறந்தோர், கடலில் மூழ்கியோர், யாரும் நினைக்காதோர் ஆகியோர்க்கே இவ்விருந்து. அருகில் மூன்று மூங்கில் கோபுரங்கள் எழும். அவற்றை ஆவியில் அவித்த வெண்ணிறப் பன்கள் அடி முதல் முடி வரை மூடியிருக்கும். தாமரை விதை, செம்பயறு, எள் ஆகியவற்றின் இனிப்புப் பூரணம் உள்ளே. மேலே சிவப்பு மையில் அமைதி என்று பொருள்படும் எழுத்து முத்திரை. மறைந்தோர்க்கு இடும் பெருஞ்சோறு மாவாலும் பயறாலும் ஆனதாக இருப்பதைக் கவனித்தல் வேண்டும்.

விரதம் நள்ளிரவில் தொடங்குகிறது. இறைச்சிக் கடையும் மீன் கடையும் மூடப்படுகின்றன. கடல் உணவுக்குப் பெயர் பெற்ற கரையோர உணவகங்கள் மரக்கறி சமைக்கின்றன. தீவிலுள்ள மெக்டொனால்ட்ஸ் கடையே அந்நாட்களில் காளான் பர்கர் விற்றது உலகச் செய்தியாயிற்று. இதற்குக் காவலர் வந்து கதவை மூடுவதில்லை. ஊர் கூடி ஒப்புக்கொண்டது, காவல் தெய்வம் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

சீனரின் இவ்விரத உணவில் பூண்டும் வெங்காயமும் விலக்கப்படுவது மரபு. காரமும் மணமும் மிக்க ஐந்து தாவரங்களைப் பௌத்தரும் தாவோ சமயத்தாரும் விலக்குகின்றனர். இது கேட்டு இங்குள்ள தாய்மார் வியப்படையலாம். ஆயினும் காரணம் ஒன்றன்று. அவை உடலைச் சூடேற்றி மனத்தைக் கலக்கும் என்பது சீனர் கருத்து. ஒரு கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் உறைகின்றன என்பது சமணரின் கருத்து. ஒரே காயை ஒதுக்கும் இரண்டு கைகளுள் ஒன்று தன்னைக் காத்துக்கொள்கிறது. மற்றொன்று அக்காயைக் காக்கிறது.

இவ்வேறுபாடு மூன்று நாள் விரதம் முழுவதற்கும் பொருந்தும். சடங்கு பலிக்க வேண்டுமாயின் ஊர் தூயதாக இருத்தல் வேண்டும். ஊன் தூய்மையைக் கெடுக்கும். ஆகவே ஊன் விலக்கு. நோன்பையும் மரக்கறி உணவையும் சீனர் ஒரே சொல்லால் குறிப்பதும் இதனாலேயே. உயிர்மேல் கொண்ட அருள் இதில் முதற்காரணம் என்று கூறுவது மிகை. வறட்சிக் காலத்தில் சீன அரசு அதிகாரிகள் உயிர் அறுப்பதை நிறுத்துமாறு ஆணையிட்டு மழை வேண்டியதும் வரலாற்றில் உண்டு. அங்கும் விண்ணின் சினம் தணிய வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் உயிர் தப்பிய பன்றிக்கு நோக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி தேவையில்லை. கொல்வோனின் வினைக்கணக்கைத்தான் நோக்கம் தீர்மானிக்கிறது.

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்கு உரைத்த சிக்ஷா விரதங்களுள் தேசாவகாசிகம் என ஒன்று உண்டு. இன்ன தெரு வரை, இன்ன ஆறு வரை, இத்தனை நாள் வரை என்று இடத்துக்கும் காலத்துக்கும் எல்லை வகுத்துக்கொள்வது அது. எல்லைக்கு வெளியே தன்னால் யாதொரு தீங்கும் நேராது என்பதால், அவ்வெளியைப் பொறுத்தவரை இல்லறத்தானும் மாவிரதம் பூண்ட முனிவரை ஒக்கிறான். சியுங் சாவ் மக்கள் இதனைத் திருப்பிப் போட்டது போலச் செய்கின்றனர். எல்லைக்கு உள்ளே மூன்று நாள் கொலை இல்லை; கடலுக்கு அப்பால் எல்லாம் வழக்கம்போல. குறைதான். ஆனால் நூலில் தனி ஒருவருக்கு உரைக்கப்பட்டதை இங்கு ஓர் ஊரே சேர்ந்து, அதுவும் வலை வீசியே பிழைத்த ஊர் சேர்ந்து, எடுத்துக்கொண்டது. அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

காவல் தெய்வ வழிபாடு எதிர்த்திசையில் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குத் தைவானில் ஒரு சான்று உண்டு. 1786 முதல் 1788 வரை நடந்த லின் ஷுவாங்வென் கலகத்தில் ஊரைக் காத்து மாண்ட ஹக்கா வீரர்களை, சிஞ்சு பகுதி மக்கள் ஏழாம் மாதத்தில் வழிபடுகின்றனர். நன்றி மறவாமை போற்றத்தக்கது. ஆனால் அவ்விழாவின் போட்டிக்காக வளர்க்கப்படும் பன்றிகள் எழுந்து நிற்கவும் இயலாத அளவுக்குக் கொழுக்க வைக்கப்படுகின்றன. வழக்கமாக நூற்றுச் சொச்சம் கிலோவில் அறுக்கப்படும் விலங்கு 600 கிலோவையும் கடந்து பருக்கிறது. விலங்கு நல ஆர்வலர்கள் நெடுங்காலம் எதிர்த்ததன் பயனாக, இன்று சில குடும்பங்கள் அரிசிப் பைகளை அடுக்கியும் மாவுப் பண்டங்களாலும் பன்றி உருவம் செய்து படைக்கின்றன. இதற்கு முன்னோடியும் சீன வரலாற்றில் உண்டு. பௌத்தரான லியாங் வூ பேரரசர் 517-இல் அரச முன்னோர் கோயில் பலியில் விலங்குகளை நீக்கி, மாவால் செய்த உருவங்களை வைக்குமாறு பணித்தார்.

மாவால் செய்த விலங்கு என்றவுடன் தமிழ்ச் சமணர் நெஞ்சில் யசோதர காவியம் எழாமல் இராது. தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் யசோதரன் உயிர்க்கோழிக்கு மாற்றாக மாக்கோழியைச் சண்டமாரிக்குப் பலியிட்டான். அவன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, பின்னும் பல பிறவிகளில் அலைந்தனர். ஓர் உயிரும் சாகவில்லை. எனினும் கொல்லும் எண்ணத்தோடு வாள் ஓங்கப்பட்டது. அவ்வாறாயின் பேரரசரின் மாவுருவங்களும் தைவானின் அரிசிப் பன்றியும் அதே வினையைச் சேர்க்குமா?

விரைந்து விடை கூறுதல் தகாது. யசோதரன் மாவை வெட்டியது கொலைக்கு ஒத்திகையாக. அதனை உயிருள்ளதாகப் பாவித்து வெட்டினான். அரிசிப் பைகளை அடுக்கும் தைவான் குடும்பம் அவற்றை வெட்டுவதில்லை. வெட்டுவதிலிருந்து விலகும் வழியாகவே அடுக்குகிறது. ஒன்று கொலையை நோக்கிய படி. மற்றொன்று கொலையிலிருந்து இறங்கும் படி. உருவம் ஒன்றாயினும் முகம் திரும்பியிருக்கும் திசை வேறு. ஆயினும் பன்றியின் வடிவம் ஏன் இன்னும் வேண்டியிருக்கிறது என்ற கேள்வியைக் காவியம் விடாது எழுப்பிக்கொண்டுதான் இருக்கும். அவ்வகையில் சியுங் சாவ் தீவின் பன் மேலானது. அதற்கு முகம் இல்லை, கழுத்து இல்லை.

அப்பன்னுக்கும் ஒரு சோதனை வந்தது. முற்காலத்தில் சடங்கு முடிந்த நள்ளிரவில் இளைஞர்கள் கோபுரங்களின்மேல் போட்டியிட்டு ஏறிப் பன்களைப் பறிப்பர். எவ்வளவு உயரத்தில் பறிக்கிறார்களோ அவ்வளவு நற்பேறு. 1978-இல் ஒரு கோபுரம் சரிந்து விழுந்து பலர் காயமுற்றனர். அரசு அவ்விளையாட்டைத் தடை செய்தது. 2005-இல் எஃகுக் கோபுரம், பாதுகாப்புக் கயிறு, பயிற்சி பெற்ற போட்டியாளர் என்ற ஏற்பாட்டோடு அது மீண்டும் வந்தது. 2007-இல் போட்டிக் கோபுரத்து மாவுப் பன்களின் இடத்தில் பிளாஸ்டிக் பன்கள் தொங்கின. 2011-இல் சீனாவின் தேசிய மரபுச் செல்வப் பட்டியலில் விழா இடம்பெற்றது. மறைவான இரும்புச் சட்டத்தில் நின்று வாள்நுனியிலும் விசிறி ஓரத்திலும் மிதப்பது போல ஊர்வலம் வரும் சிறு குழந்தைகளைக் காண, படகு படகாகக் கூட்டம் வந்து இறங்குகிறது.

கூட்டம் பசியோடு வருகிறது. வருவோரில் பலர் விரதம் பூண்டவர் அல்லர். கரையோர உணவகங்கள் சில அந்நாட்களிலும் மீனும் இறைச்சியும் பரிமாறத் தொடங்கிவிட்டன. கோபுரம் நிலைத்தது, ஊர்வலம் நிலைத்தது, புகைப்படத்தில் விழும் அனைத்தும் நிலைத்தன. அடுப்பில் என்ன வேகிறது என்பது புகைப்படத்தில் விழுவதில்லை. விழாவின் மையம் அதுவாக இருந்தும், முதலில் தளர்வது அதுவாகவே இருக்கிறது. இவ்வாண்டுத் தேர்த்திருவிழாவின் ஒளிப்படங்களைக் கைப்பேசியில் புரட்டிப் பார்க்கும் எந்தச் சமயத்தாருக்கும் இச்செய்தி அயலானதன்று.

தீவின் பழங்குடும்பங்கள் பலவற்றில் விரதம் இன்னும் நிற்கிறது. முதன்மை நாளின் ஊர்வலம் முடிந்து தெய்வங்களின் பல்லக்குகள் கோயிலுக்குத் திரும்புகின்றன. இரவில் ஆவிகளுக்கு விருந்திடும் சடங்கு நடைபெறுகிறது. பின்னர் ஆவிகளின் அரசருடைய காகித உருவத்துக்குத் தீ வைக்கின்றனர். மூன்று நாள் ஊரைக் கண்காணித்தவர் சில நொடிகளில் சாம்பலாகிறார். தம் ஏட்டில் எழுதியதை அவர் மேலே கொண்டு செல்கிறார் என்பது நம்பிக்கை. விடிந்ததும் மூங்கில் கோபுரத்துப் பன்களை இறக்கி மக்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றனர். முதியவர்கள் வரிசையில் நின்று பெற்றுச் செல்கின்றனர். சிலர் அவற்றை உலர்த்தி, வீட்டில் நோய் வரும் நாளுக்கென்று எடுத்து வைக்கின்றனர். துறையில் மீன்பிடிப் படகுகள் புறப்படத் தொடங்குகின்றன.